கீழாநெல்லி: பாதியில் நின்ற பரிசோதனை

1988 அக்டோபர் முதல் தேதியிட்ட 'லான்செட்' மருத்துவ இதழில் சென்னையிலிருந்து ஒரு சிறு கட்டுரை வெளியானது. ஹெபடைட்டிஸ் பி கிருமியை ரத்தத்தில் நெடுநாளாகச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு ஒரு செடியை உலர்த்திப் பொடித்து, வேளைக்கு 200 மில்லிகிராம் வீதம், நாளைக்கு மூன்று வேளை, 30 நாள் கொடுத்திருந்தார்கள். மருந்தை நிறுத்திய 15 முதல் 20 நாளுக்குள் ரத்தத்தைச் சோதித்தபோது, செடிப்பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரிடம் கிருமியின் மேலுறைப் புரதம் இல்லை. வெற்றுப்பொடி கொடுக்கப்பட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆகியிருந்தது. ஒரு பக்கம் 59 சதவீதம், மறுபக்கம் 4 சதவீதம். அந்தச் செடி நம் கொல்லையில் முளைக்கும் கீழாநெல்லி.

அந்தக் கட்டுரையில் இருந்த பெயர்களைக் கவனிக்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராசன் அதன் முதல் ஆசிரியர். பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். கடைசிப் பெயர் பாரூக் ப்ளம்பெர்க். ஹெபடைட்டிஸ் பி கிருமியின் மேலுறைப் புரதத்தை 1960களில் கண்டுபிடித்து, அதற்காக 1976இல் நோபல் பரிசு பெற்றவர். இர்விங் மில்மனுடன் சேர்ந்து அந்த நோய்க்குத் தடுப்பூசி செய்யும் வழியை 1969இல் வகுத்தவரும் அவரே. ஆண்டுதோறும் ஜூலை 28ஆம் தேதியை உலக ஹெபடைட்டிஸ் நாளாகக் கடைப்பிடிக்கிறோமே, அது அவருடைய பிறந்த நாள். தடுப்பூசி தந்த அதே கைகள்தான் பிலடெல்ஃபியாவின் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்தில் கீழாநெல்லிச் சாற்றையும் சோதனைக் குழாயில் ஊற்றிப் பார்த்தன.

நாட்டு வைத்தியம் என்றதும் உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு இந்த வரலாற்றைச் சொல்வேன். அதற்குப் பிறகு நடந்ததை, நாட்டு வைத்தியம் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவர்களுக்குச் சொல்வேன். இரண்டு தரப்புமே இந்தச் செடிக்கு நியாயம் செய்யவில்லை என்பது என் எண்ணம்.

எது கீழாநெல்லி?

வரப்பு, வாழைத்தோப்பு, பூந்தொட்டி, செங்கல் இடுக்கு என ஈரம் கண்ட இடமெல்லாம் வளரும் செடி. ஓரடி, மிஞ்சினால் இரண்டடி உயரம். மெல்லிய கிளைகளில் இரு புறமும் வரிசையாகச் சின்னச் சின்ன இலைகள். பார்வைக்குப் புளிய இலையின் சாயல். இரவில் மடங்கிக்கொள்ளும். கிளையைத் திருப்பிப் பார்த்தால் இலை வரிசைக்கு அடியில் கடுகை விடச் சற்றே பெரிய பச்சைக் காய்கள், சிறு காம்பில் தொங்கும். காய் முற்றினால் வெடித்து விதையைச் சிதறும். இலையை மென்றால் கைப்பும் துவர்ப்பும் நாக்கில் ஏறும். நாம் தின்னும் பெருநெல்லியும் இதுவும் ஒரே பேரினம்.

அடையாளம் இவ்வளவோடு முடிந்துவிட்டால் நல்லது. ஆனால் இதே சாயலில் இன்னும் பல செடிகள் இருக்கின்றன. தாவரவியல் பெயர்களைச் சொல்லாமல் இந்த இடத்தைக் கடக்க முடியாது. நம் ஊரில் பரவலாக இருக்கும் கீழாநெல்லி, பில்லாந்தஸ் அமாரஸ். அதன் பூவுக்கு ஐந்து இதழ்கள். ஏறக்குறைய அச்சு அசலாக அதைப் போலவே இருக்கும் பில்லாந்தஸ் ஃபிரடெர்னஸுக்கு ஆறு. தண்டு செம்மை படர்ந்து, காம்பே இல்லாமல் ஒட்டிக்கொண்ட சொரசொரப்பான காயோடு இருப்பது பில்லாந்தஸ் யூரினேரியா. மேலாநெல்லி என்று நாம் சொல்வது பில்லாந்தஸ் மதராஸ்படென்சிஸ். இவை போக, நம் பழைய தாவர நூல்கள் எல்லாவற்றிலும் கீழாநெல்லிக்கு எழுதியிருந்த பெயர் பில்லாந்தஸ் நிரூரி. உண்மையான நிரூரியோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. இந்திய நூல்கள் 'நிரூரி' என்று ஒரே பெயரால் குறித்தது உண்மையில் அமாரஸ், ஃபிரடெர்னஸ், டெபிலிஸ் என்ற மூன்று செடிகளை என்று 1985இல் மித்ரா, ஜெயின் என்ற இரு தாவரவியலாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். அதற்குப் பிறகும் குழப்பம் ஓயவில்லை. ப்ளம்பெர்க் குழுவின் 1987ஆம் ஆண்டுக் கட்டுரை 'நிரூரி' என்கிறது. 1988ஆம் ஆண்டுக் கட்டுரை 'அமாரஸ்' என்கிறது. இந்திய ஆயுர்வேத மருந்து நூலோ 'தாமலகி' என்ற தலைப்பில் ஃபிரடெர்னஸைக் குறிக்கிறது.

பெயரில் என்ன இருக்கிறது என்று தள்ளிவிட முடியாது. தென்னிந்தியாவில் 25 கடைகளில் கீழாநெல்லிச் சரக்கை வாங்கிப் பிரித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2010இல் வெளிவந்தது. 76 சதவீத மாதிரிகளில் அமாரஸ்தான் இருந்தது. மிச்சம் 24 சதவீதத்தில் டெபிலிஸ், ஃபிரடெர்னஸ், யூரினேரியா, மதராஸ்படென்சிஸ், கோழிக்கோடியானஸ் என ஐந்து வேறு செடிகள். யாரும் வேண்டுமென்று கலப்படம் செய்தார்கள் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். பறிக்கிற கைக்கு எல்லாம் ஒன்றுபோல் தெரிகின்றன. ஆனால் நாட்டு மருந்துக் கடையில் பொடியாக வாங்குகிறவர் எதைச் சாப்பிடுகிறார் என்று அவருக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது. பொடியாக வாங்குவதை விட வேரோடு கட்டாக விற்கும் பச்சைச் செடியை வாங்குவது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான். செடியைக் கண்ணால் பார்க்கலாம், கிளையைத் திருப்பிக் காயைப் பார்க்கலாம்.

காமாலை ஏன் வருகிறது?

நம் ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அது உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதைப் பக்குவப்படுத்திப் பித்தநீரோடு குடலுக்கு அனுப்பிவிடும். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஒரு மில்லிகிராம் அளவுக்குள் இருக்க வேண்டிய அது, இரண்டரை மூன்றைத் தாண்டும்போது கண்ணின் வெண்படலத்தில் மஞ்சள் தெரிகிறது. ஆகவே காமாலை ஓர் அறிகுறி, அதுவே நோயன்று. அணுக்கள் அளவுக்கு மீறி உடைந்தாலும் மஞ்சள் வரும். கல்லீரல் வீங்கினாலும் வரும். பித்தக்குழாயில் கல் அடைத்தாலும், கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி வந்து அழுத்தினாலும் வரும். மது, சில மாத்திரைகள், எலி மருந்து, எலிக்காய்ச்சல் எல்லாமே இதே மஞ்சளைத்தான் காட்டும்.

நம் ஊரில் மழைக்காலத்திலும் கோடையிலும் கூட்டம் கூட்டமாக வருகிற காமாலை பெரும்பாலும் ஹெபடைட்டிஸ் ஏ அல்லது இ. கழிவு கலந்த குடிநீரால் வருவது. 1955 டிசம்பரில் தொடங்கி டெல்லியில் சுமார் 29,000 பேரை மஞ்சளாக்கிய பெரும் பரவல், குடிநீரில் யமுனையின் கழிவு கலந்ததால் வந்தது. அது ஹெபடைட்டிஸ் இ என்று பின்னால்தான் தெரிந்தது. இந்த இரண்டு நோய்களிலும் பெரும்பாலோர் சில வாரங்களில் தாமாகவே தேறிவிடுவார்கள். ஓய்வும், ஆகாரமும், கல்லீரலுக்கு மேலும் சுமை ஏற்றாமல் இருப்பதும் போதும். ஹெபடைட்டிஸ் பி கூட அப்படித்தான்: வயது வந்தபின் தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு உடம்பே அதை வென்றுவிடும். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றிய குழந்தைகளில்தான் பத்துக்கு ஒன்பது பேருக்கு அது நிரந்தரமாகத் தங்குகிறது.

இப்போது நம் வீடுகளில் நடப்பதை இதோடு வைத்துப் பார்க்கலாம். கண் மஞ்சளானதும் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, கழுவி, அம்மியில் மைய அரைத்து, நெல்லிக்காய் அளவு விழுதைப் புளிக்காத மோரிலோ வெள்ளாட்டுப் பாலிலோ கலக்கி, வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். எண்ணெய், புளி, காரம், கறி எல்லாம் தள்ளுபடி. மதுவைத் தொடக் கூடாது. ஒரு வாரம், பத்து நாளில் மஞ்சள் இறங்கும். பாட்டி சொன்னது பலித்துவிட்டது என்று வீடு நிம்மதி அடையும். இதில் எவ்வளவு செடியால், எவ்வளவு பத்தியத்தால், எவ்வளவு உடம்பின் சொந்தச் சக்தியால் என்று அந்த ஒரு வீட்டை வைத்துச் சொல்ல முடியாது. பாட்டி பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொன்னாள். ஆனால் தேறாமல் போனவர்கள் யார், ஏன் தேறவில்லை என்ற கணக்கு எந்த வீட்டிலும் இல்லை. கணக்கு வைக்கத்தான் சோதனைகள் வேண்டியிருக்கின்றன.

சோதனைகள் என்ன சொல்லின?

லான்செட் கட்டுரைக்குப் பிறகு உலகம் சும்மா இருக்கவில்லை. 1990இல் அதே இதழில் தாய்லாந்து மருத்துவர்கள் எழுதினார்கள்: அங்கே விளைந்த அமாரஸைக் கொடுத்துப் பார்த்தோம், கிருமி போகவில்லை. நெதர்லாந்திலும் நியூஸிலாந்திலும் மும்பையிலும் செய்து பார்த்தார்கள், பலன் தெரியவில்லை. 1995இல் வெளிவந்த ஒரு சீன ஆய்வில், வெவ்வேறு இடத்துச் செடிகள் மூன்றை ஒப்பிட்டார்கள். இந்தியாவிலிருந்து போன அமாரஸை விடச் சீனத்து யூரினேரியாவுக்குச் சற்று நல்ல பலன் தெரிந்தது. 2011இல் காக்ரேன் அமைப்பு இந்தப் பேரினத்துச் செடிகளை வைத்து நடந்த 16 சோதனைகளைத் திரட்டி அலசியது. நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி-க்கு இவை பலன் தரும் என்று உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்பதே அதன் தீர்ப்பு. பல சோதனைகள் சரியான முறையில் நடத்தப்படவில்லை என்பதும் அதில் இருந்தது.

சென்னையில் தெரிந்த பலன் பாங்காக்கில் ஏன் தெரியவில்லை? செடி வேறாக இருந்திருக்கலாம். ஒரே செடியாக இருந்தாலும் மண், பருவம், பறித்த நேரம், உலர்த்திய விதம் ஆகியவற்றால் சரக்கு மாறியிருக்கலாம். சென்னையில் சோதனைக்கு வந்தவர்களில் சிலருக்கு நோய் புதிதாகவே இருந்து, தானாகவே நீங்கியிருக்கலாம். அறுபது பேரை வைத்து நடந்த சிறு சோதனையில் தற்செயலுக்கும் பங்கு உண்டு. 1987இல் வுட்சக் என்ற அமெரிக்கக் கொறி விலங்கின் கிருமியை இந்தச் சாறு சில விலங்குகளிடம் அடக்கியது உண்மை. ஆனால் அங்கே சாறு வயிற்றறைக்குள் ஊசியால் செலுத்தப்பட்டது. வாயால் குடிப்பது வேறு, ஊசியால் ஏற்றுவது வேறு.

ஆகவே செடியில் ஒன்றும் இல்லை என்று முடித்துவிடலாமா? அதுவும் சரியாகாது. கீழாநெல்லியின் கைப்புப் பொருளான பில்லாந்தினை 1946இல் பிரித்தெடுத்து எழுதிய இருவரில் ஒருவர் டி.ஆர். சேஷாத்ரி. குளித்தலையில் பிறந்து, தாவரப் பொருள்களின் வேதியியலில் உலகப் பெயர் பெற்றவர். பில்லாந்தினும் ஹைப்போபில்லாந்தினும் இலையில்தான் அதிகம். கல்லீரல் செல்லை நஞ்சிலிருந்து காக்கும் தன்மையை ஆய்வுக்கூடத்தில் விலங்குகளிடம் பலமுறை கண்டிருக்கிறார்கள். ஹெபடைட்டிஸ் பி கிருமி தன்னைப் படியெடுத்துக்கொள்ளும் வழியில் கீழாநெல்லிச் சாறு குறுக்கிடுவதை 1996, 97ஆம் ஆண்டுகளில் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதில் முதல் கட்டுரையில் தியாகராசனின் பெயரும் உண்டு. சோதனைக் குழாயில் நடப்பது மனித உடம்பில் நடக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் தேடுவதற்கு இடம் இருக்கிறது என்பதற்கு இது போதும்.

கல்லீரலைத் தவிர

சிறுநீர் எரிச்சல், சூட்டுக் கோளாறு, வெள்ளைப்படுதல் ஆகியவற்றுக்குச் சித்த வைத்தியர்கள் கீழாநெல்லிச் சமூலத்தை, அதாவது வேர் முதல் காய் வரை முழுச் செடியையும், கொடுத்துவருகிறார்கள். சொறி சிரங்குக்கு இலையோடு உப்புச் சேர்த்து அரைத்துப் பூசுவது உண்டு. கீழாநெல்லித் தைலம் தேய்த்துத் தலைமுழுகும் வழக்கமும் உண்டு.

இவற்றில் நவீன ஆய்வு அதிகம் தொட்டது சிறுநீரகக் கல்லை. அதுவும் நம் நாட்டில் அன்று, பிரேசிலில். அங்கே உண்மையான நிரூரிக்கு மக்கள் வைத்த பெயரே 'கல்லுடைப்பான்' என்ற பொருளில் வருவது. கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வதை அது தடுக்கிறது என்று சாவோ பாவ்லோ ஆய்வாளர்கள் கண்டார்கள். 2006இல் இத்தாலியில் அதிர்வலை கொடுத்துக் கல் உடைக்கப்பட்ட 150 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மூன்று மாதமாவது நிரூரி கொடுத்தார்கள். சிறுநீரகத்தின் கீழ்க்கிண்ணத்தில் கல் இருந்தவர்களுக்கு, செடி சாப்பிட்ட பிரிவில் கல் நீங்கிய விகிதம் கூடுதலாக இருந்தது. இருந்த கல்லைச் செடி கரைத்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. உடைத்த துகள்கள் மறுபடி திரளாமல் வெளியேற உதவியிருக்கலாம். நம் அமாரஸுக்கு இதை அப்படியே ஏற்றிச் சொல்லவும் முடியாது.

சாப்பிடும் முன்

என் வேண்டுகோள் ஒன்றுதான்: கண் மஞ்சளானால் முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகு அம்மி. பிலிருபின், கல்லீரல் நொதிகள், ரத்தம் உறையும் நேரம், ஹெபடைட்டிஸ் பி, சி சோதனை, தேவைப்பட்டால் வயிற்று ஸ்கேன். அடைப்புக் காமாலையா இல்லையா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். மலம் வெளுத்து, சிறுநீர் கறுத்து, உடம்பெல்லாம் அரிப்பு எடுத்தால் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு எந்தப் பச்சிலையும் வழி திறக்காது. மூன்று வாரம் மோரில் கலக்கிக் குடித்துக் காத்திருந்தால், நீக்கியிருக்கக்கூடிய கட்டி கைமீறிப் போகும். மஞ்சளோடு குழப்பம், பகலெல்லாம் தூக்கம், வாந்தியில் ரத்தம், ஈறிலும் மூக்கிலும் ரத்தக் கசிவு கண்டால் ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்கக் கூடாது. கர்ப்பிணிக்குக் காமாலை வந்தால் அன்றே மருத்துவமனை. ஹெபடைட்டிஸ் இ கர்ப்பிணிகளிடம் உயிரைப் பறிக்கும் அளவுக்கு முற்றக் கூடியது. பச்சைக்குழந்தையின் காமாலைக்கு நீல ஒளிச் சிகிச்சை இருக்கிறது. பிறந்த குழந்தையின் வாயில் எந்தச் சாற்றையும் விடாதீர்கள். கையில் சூடு போடுவது, கண்ணில் மருந்து விடுவது, மந்திரிப்பது இவையெல்லாம் இன்னும் சில ஊர்களில் நடப்பதை எழுதவே வேதனையாக இருக்கிறது.

சாதாரண வைரஸ் காமாலைதான் என்று உறுதியானபின், மருத்துவருக்குத் தெரிவித்துவிட்டு, படித்த சித்த மருத்துவரின் கண்காணிப்பில் கீழாநெல்லி எடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவுகள் இதற்கு இருக்கின்றன. பத்தியத்தில் ஒரு திருத்தம் மட்டும் வேண்டும்: உப்பையும் எண்ணெயையும் சோற்றையும் அடியோடு நிறுத்தி நோயாளியைப் பட்டினி போடாதீர்கள். தேறுகிற கல்லீரலுக்கு ஆகாரம் வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்க வாய்ப்பு உண்டு; ரத்த அழுத்த மாத்திரை, ரத்தம் உறையாமைக்கு மாத்திரை எடுப்பவர்களும் கேட்காமல் தொடங்கக் கூடாது. கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். சாக்கடை ஓரத்திலும் நெடுஞ்சாலை ஓரத்திலும் களைக்கொல்லி அடித்த வயலிலும் முளைத்த செடியைப் பறிக்கவே கூடாது.

பச்சிலை எல்லாம் ஈரலுக்கு நல்லது என்ற எண்ணம் பொதுவாகவே ஆபத்தானது. 2020இல் கொரோனாவுக்குப் பயந்து சீந்தில் கஷாயம் குடித்த ஆறு பேர் கல்லீரல் வீக்கத்தோடு வந்ததை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அந்த முடிவை மறுத்தது. செடியே வேறாக இருக்கலாம் என்ற வாதமும் எழுந்தது. எந்தச் செடி என்ற அதே கேள்வி அங்கேயும் வந்து நிற்கிறது.

ஹெபடைட்டிஸ் பி நாள்பட்டுத் தங்கிவிட்டவர்களுக்கு இன்று டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் இருக்கின்றன. ஹெபடைட்டிஸ் சி-யை எட்டு முதல் பன்னிரண்டு வார மாத்திரையிலேயே குணப்படுத்த முடிகிறது. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சோதனையும் மருந்தும் இலவசம். வீட்டில் ஒருவருக்கு பி இருந்தால் எல்லோரும் சோதித்துக்கொள்ள வேண்டும். இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி. அதை விட்டுவிட்டு இரண்டு வருடம் பொடி சாப்பிட்டு, வயிற்றில் நீர் கோத்தபின் மருத்துவமனைக்கு வருவதைத்தான் தடுக்க வேண்டும்.

கீழாநெல்லியைப் பற்றிய கேள்வி மட்டும் 1988இலிருந்து திறந்தபடியே கிடக்கிறது. தமிழ்நாட்டு மரபு அறிவிலிருந்து புறப்பட்டு, நோபல் அறிஞர் வரைக்கும் போன கேள்வி அது. அதற்கு முழு விடை காண, இனம் உறுதி செய்யப்பட்ட செடி வேண்டும். ஒரே நிலத்தில், ஒரே பருவத்தில் விளைவித்து, பில்லாந்தின் அளவைக் கணித்த சரக்கு வேண்டும். நாள்பட்ட நோயா, புதிய தொற்றா என்று பிரித்தறிந்த நூற்றுக்கணக்கான நோயாளிகள் வேண்டும். மேலுறைப் புரதத்தோடு கிருமியின் மரபணு அளவையும் எண்ணிப் பார்க்கும் சோதனை வேண்டும். 1988இல் அது கைக்கு எட்டாதது, இன்று மாவட்டத் தலைநகரங்களிலேயே கிடைக்கிறது. டெனோஃபோவிரை நிறுத்தாமல், அதோடு கீழாநெல்லியும் சேரும்போது கூடுதல் பலன் உண்டா என்று பார்த்தால் நோயாளிக்கும் தீங்கில்லை. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை இருக்கிறது. தியாகராசன் வேலை செய்த சென்னைப் பல்கலைக்கழகத் தரமணி வளாகமும் அதே சென்னையில்தான் இருக்கிறது. இந்த மூன்று இடங்களும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் மூன்று நான்கு ஆண்டுகளில் விடை சொல்லிவிடலாம். அரசு அதற்கு நிதி ஒதுக்க வேண்டும். விடை 'இல்லை' என்று வந்தாலும் சரி; காமாலைக்கு அந்தச் செடியை நம்பி மருத்துவமனைக்குப் போகாமல் இருக்கும் குடும்பங்களுக்கு அதைத் தெளிவாகச் சொல்ல முடியும்.